பல்லும் பள்ளமும்

பேண்ட்சா என்ற பட்டை ரம்பத்துக்குப் பிளேடு வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் பல்லைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். கட்டைவிரல் நகத்தில் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று ஒரு சோதனை. கூர் வேண்டியதுதான். ஆனால் புதுப் பிளேடு எதுவானாலும் கூராகத்தான் இருக்கும். அது எந்த வேலைக்கு ஆகும் என்று தெரிய வேண்டுமென்றால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அடியில் எப்படி வளைந்து அடுத்த பல்லின் முதுகில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பல் மரத்தைச் சீவுகிறது. சீவியதை வாங்கி வைத்துக்கொண்டு, மரத்தின் முழு உயரத்தையும் கடந்து வெளியே கொண்டுவந்து கொட்டுவது பள்ளம். கமலைச் சால் கிணற்றுக்குள் இறங்கி, நிரம்பி, மேலே வந்து கவிழ்ந்து, மறுபடி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பள்ளமும் நிரம்பிக் காலியாகிறது. பிளேடு தேர்வு என்பது பெரும்பாலும் அந்தச் சாலின் கொள்ளளவைத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது என் கட்சி.

அங்குலத்துக்கு 3 பல் கொண்ட அரை அங்குல ஹூக் பிளேடு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். பல்லின் முகம் செங்குத்தாக நிற்காது. ஓடும் திசையை நோக்கிப் பத்து டிகிரி போல முன்னே சாய்ந்திருக்கும். நுனியிலிருந்து இறங்கும் கோடு எங்கும் முறியாமல், அப்படியே உருண்டு, பள்ளத்தின் அடியைத் தொட்டு, நீண்ட சாய்வாக அடுத்த நுனிக்கு ஏறும். பல்லுக்குப் பல் எட்டரை மி.மீ. தூரம். இப்போது பிளேடைத் திருப்பி, பல் நுனிகள் உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஒரு பல் இடப்பக்கம் சற்றே ஒதுங்கி நிற்கும். அடுத்தது வலப்பக்கம். மூன்றாவது நேராக. பிளேடின் நீளம் முழுக்க இந்த வரிசை தவறாமல் ஓடும். உடலின் கனம் 0.6 மி.மீ. என்றால், ஒதுங்கிய நுனிகள் திறக்கும் தடம் 1.1 மி.மீ. வரை வரும். பக்கத்துக்குக் கால் மி.மீ. தான் கூடுதல். அந்தக் கால் மில்லிமீட்டர் இல்லாவிட்டால் பிளேடின் உடல் மரத்துக்குள் இறுகி நின்றுவிடும். நேராக நிற்கும் மூன்றாவது பல், மற்ற இரண்டும் நடுவில் விட்டுப்போன மேட்டைச் சீவித் தடத்தின் அடியைத் துப்புரவாக்குகிறது. பட்டறையில் இதற்கு மொத்தமாகச் 'செட்' என்று பேர். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் இந்த ஒதுக்கத்தைப் பிளேடு முழுக்க ஒரே அளவில் வைப்பது பெரிய வேலைப்பாடு.

பள்ளத்தின் பெருமை கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். 14 அங்குலச் சக்கரம் பூட்டிய சாதாரணப் பட்டறை பேண்ட்சாவில் பிளேடு நிமிடத்துக்கு 3,000 அடி ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 600 அங்குலம். அங்குலத்துக்கு 3 பல் என்றால் ஒரு நொடியில் 1,800 பல் மரத்துக்குள் நுழைகிறது. ஆறு அங்குல உயரமுள்ள தேக்குக் கட்டையை நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளினால், ஒரு பல்லின் பங்குக்கு வருவது ஏறக்குறைய 0.009 மி.மீ. எழுதும் தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய சீவலை ஆறு அங்குல உயரமும் விடாமல் எடுத்துக்கொண்டே வர வேண்டும். கட்டையாக இறுகிக் கிடந்த மரம் தூளானதும் பல மடங்கு இடம் கேட்கும். மூன்று பல் பிளேடின் பள்ளத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

அதே கட்டையில் அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடை ஓட்டினால் நொடிக்கு 8,400 பல் வருகிறது. ஒவ்வொன்றின் பங்கு 0.002 மி.மீ. இவ்வளவு மெல்லியதைச் சீவ எந்தப் பல்லாலும் ஆகாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் சூடு ஏறும். பள்ளமோ ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாதது. பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு தூள் போக்கிடம் இல்லாமல் தடத்தின் சுவரை உரசும். பிளேடு ஒரு பக்கமாக ஒதுங்கும். வெட்டிய பலகையை எடுத்துப் பார்த்தால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கோட்டில் நிற்க, நடுவில் வயிறு தள்ளியிருக்கும். பல் அதிகமானால் வெட்டு வழவழப்பாக வரும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அரை அங்குலப் பலகையில் அது மெய். ஆறு அங்குலத்தில் அது பொய்.

பிளேடு வேலைக்குப் பொருந்தியிருக்கிறதா என்பதற்கு இயந்திரத்தின் அடியில் குவியும் தூளே சாட்சி. பொருத்தமான பிளேடின் தூள் ரவை ரவையாக, விரலில் நெருடும். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசையோடு அதன் வாசனையும் சேர்ந்து வரும். பொருந்தாத பிளேடு மாவாக அரைக்கும். அந்த மாவு சூடாகவும் கருத்தும் இருக்கும்; வாசனைக்குப் பதில் கருகல் நெடி வரும். கைதேர்ந்த ஆசாரிகள் வெட்டு முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே குனிந்து ஒரு சிட்டிகைத் தூளைக் கிள்ளிப் பார்ப்பது இதனால்தான்.

மெல்லிய தடத்தின் அருமை, விலை கூடிய மரத்தைக் கிழிக்கும்போது தெரியும். 100 மி.மீ. கனமுள்ள தேக்குக் கட்டையிலிருந்து 4 மி.மீ. தகடுகள் எடுக்க வேண்டும். வட்ட ரம்பத்தின் தடம் 3.2 மி.மீ. என்று கொண்டால் 14 தகடுகள் தேறும். பேண்ட்சாவின் தடம் 1.2 மி.மீ. என்று கொண்டால் 19. ஐந்து தகடுகள் தூளாகப் போகாமல் தகடாகவே கைக்கு வருகின்றன. அதுவும் அடுத்தடுத்த தகடுகளில் ரேகை பெரிதாக மாறாமல் வரும். இரண்டைப் புத்தகம் போல விரித்து ஒட்டினால் அலமாரிக் கதவின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று நிழலாக நிற்கும். தடம் தடிக்கத் தடிக்க அந்தப் பொருத்தம் குறையும்.

வளைவு வெட்டும்போது கணக்கு வேறு. அங்கே அகலம்தான் எல்லாம். நாற்காலிக் கால், ஊஞ்சல் பலகையின் மூலை, பூவேலைக்கு முன் எடுக்கும் உருவடிவம் என்று எதுவானாலும், வளைந்து போகும் தடத்துக்குள் நேரான ஒரு பட்டை நிற்கிறது. பல் முன்னால் போய்விட்டது. முதுகு பின்னாலேயே இருக்கிறது. முதுகு தடத்தின் வெளிச் சுவரில் இடிக்காத அளவுக்குத்தான் திருப்ப முடியும். பிளேடு செய்கிறவர்கள் தரும் அட்டவணையில், ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அகலப் பிளேடு 5 மி.மீ. ஆரத்தில் திரும்பும். இரண்டு நூல் பிளேடுக்கு 16 மி.மீ. மூன்று நூலுக்கு 36. அரை அங்குலத்துக்கு 63 அல்லது 64. இரண்டு நூலையும் அரை அங்குலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அழகு புலப்படும்: அகலம் இரண்டு மடங்கு ஆனதற்கு ஆரம் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. வளைவின் வடிவக்கணக்கே அப்படி. அதனால்தான் அரை நூல் அகலம் குறைத்தாலும் பிளேடின் குணம் முழுக்க மாறிவிடுகிறது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதை மரத்தின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால், இரண்டு நூல் பிளேடால் அந்தக் கோட்டில் போக முடியாது. ஒன்றரை நூல் பிளேடு சிரமமில்லாமல் சுற்றி வந்துவிடும்.

நெருக்கமான வளைவு வெட்டுகிறவர்கள் செய்யும் ஒரு சின்ன வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். பிளேடின் பின்விளிம்பில் இரண்டு கூர் மூலைகள் இருக்கும் அல்லவா? பிளேடு ஓடும்போதே ஒரு சாணைக்கல்லைப் பின்புறம் மெதுவாக வைத்து அந்த மூலைகளை உருட்டிவிடுவார்கள். பல்லை யாரும் தொடவில்லை, செட்டும் மாறவில்லை. முதுகின் மூலை மழுங்கியதால் மட்டுமே பிளேடு தடத்துக்குள் வழுவழுவென்று திரும்பும். திரும்பும் இடங்களில் சுவரில் விழும் படிக்கட்டுத் தழும்புகளும் குறையும்.

ஒரு நூல் பிளேடு தனி உலகம். அதன் உடல் அவ்வளவு குறுகலானதால், பக்கவாட்டில் பிடிக்கும் இரும்புக் கட்டைகளுக்கு நடுவே ஓடினால் பல்லே அவற்றில் உரசிச் செட்டை இழந்துவிடும். அதற்காக அந்த இடத்தில் கெட்டி மரத்துண்டுகளையோ கிராஃபைட் கலந்த கட்டைகளையோ வைத்துக்கொள்வார்கள். அவை பல்லைக் காயப்படுத்தாமல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அங்குலத்துக்கு 14 பல் இருப்பதால் பள்ளம் கடுகளவுதான். அதனால் முக்கால் அங்குலத்துக்கு மேல் கனமான மரத்தை அதனிடம் கொடுக்கலாகாது.

பட்டறையில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு.

"அண்ணே, இந்த அரை இஞ்ச் ஆறு பல்லுலயே எல்லாத்தையும் ஓட்டிரலாமே? ஒவ்வொண்ணுக்கும் எதுக்குக் கழட்டி மாட்டிக்கிட்டு?"

"ஓடும் தம்பி. ஓடுறது வேற, வெட்டுறது வேற. கிழிக்கிறப்ப அது திணறும், வளைக்கிறப்ப அது முறைக்கும். பத்து நிமிஷம் மாட்டுறதுக்குச் சோம்பல்பட்டா, பாலிஷ் பேப்பர்ல அரை நாள் போயிரும்."

ஆசாரி சொல்வதுதான் சரி. அரை அங்குல ஆறு பல் பிளேடு ஓர் அங்குலப் பலகையை நேராக வெட்ட அருமையானது. ஆனால் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கும்போது கிழிப்பில் பள்ளம் போதாமலும் வளைவில் அகலம் கூடியும் நிற்கிறது. மூன்று பிளேடு வைத்திருக்கும் பட்டறையில் வேலை பாதி முடிந்த மாதிரி: கிழிக்க அரை அல்லது முக்கால் அங்குலத்தில் 3 பல், பொது வளைவுக்கு இரண்டு அல்லது மூன்று நூலில் 6 பல், நுணுக்கத்துக்கு ஒரு நூலில் 14 பல்.

பல்லின் உருவத்திலும் வகை உண்டு. முகம் செங்குத்தாக நின்று, பல்லும் பள்ளமும் சம அளவில் அமைந்தது சாதாரணப் பல். குறுக்கு வெட்டில் இதன் முகம் மிக நேர்த்தியாக வரும். அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு பல்லைப் பிடுங்கியது போல் நடுவில் தட்டையான நீண்ட வெளி விட்டது ஸ்கிப் பல். பிசின் வடியும் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் சாதாரணப் பள்ளம் பசையால் அடைந்துபோகும். ஸ்கிப் பல்லின் திறந்த வெளியில் ஒட்டியது தானே உதிர்ந்துவிடும். மூன்றாவது, நாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஹூக் பல். முன்னே சாய்ந்த முகம் மரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், தள்ளும் கைக்குப் பாரம் குறைகிறது. கனமான, கெட்டியான கட்டைக்கு அதுவே ஏற்றது. மூன்றில் எனக்குப் பிரியமானது எது என்று கேட்டால் தயங்காமல் ஹூக் பல்லைத்தான் சொல்வேன். அந்த வளைவில் வீணான கோடு ஒன்றுகூட இல்லை.

மரமும் பிளேடைத் தேர்ந்தெடுக்கிறது. தேக்கு கைக்கு மென்மையாகத்தான் இருக்கும். அதன் நாருக்குள் சிலிக்கா இருப்பதால் பல்லின் கூர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் போய்விடும். தென்னை இன்னும் விசித்திரமானது. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்க, தென்னையில் வெளிப்புறம் இரும்பாகவும் நடுப்பகுதி சோறாகவும் இருக்கும். ஒரே வெட்டில் பிளேடு கெட்டியிலிருந்து மெத்துக்கும் மெத்திலிருந்து கெட்டிக்கும் போய்வர வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகுப் பல் அந்த வெளிக் கனத்தில் மளமளவென்று மழுங்கிவிடும். நுனியில் ஸ்டெல்லைட் அல்லது கார்பைடு பதித்த பிளேடைத்தான் தென்னை அறுக்கப் பரிந்துரைக்கிறார்கள். பழைய வீடு பிரித்த உத்திரங்களை வாங்கி வருகிறவர்களுக்கு வேறு கவலை: எந்த இடத்தில் எத்தனை வருஷத்து ஆணி உள்ளே ஒளிந்திருக்கிறதோ தெரியாது. ஒரே ஓர் ஆணி, இடப்பக்கப் பற்களை மட்டும் மழுக்கிவிட்டாலும் போதும். அதன் பிறகு கூராக உள்ள வலப்பக்கம் இழுக்க, பிளேடு கோட்டை விட்டு வலப்பக்கமே போகும். இப்படிப்பட்ட மரத்துக்கு இரட்டை உலோகப் பிளேடு நல்ல துணை. வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் எஃகுப் பட்டையின் விளிம்பில் அதிவேக எஃகுக் கம்பியை எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து, பிறகு அந்த விளிம்பில் பல்லை வெட்டுகிறார்கள். அந்தக் கம்பியில் பரவலான ஒரு வகைக்கு எம்-42 என்று பெயர். அதில் 8 சதவீதம் கோபால்ட். உடல் வளைய வேண்டும், பல் வளையவே கூடாது என்ற இரண்டு எதிரெதிர் தேவைகளை ஒரே பட்டையில் ஒட்டிவைத்த சாமர்த்தியம் அது.

உடல் ஏன் அவ்வளவு வளைய வேண்டும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 14 அங்குலச் சக்கரப் பேண்ட்சாவின் பிளேடு நீளம் வழக்கமாக 93½ அங்குலம். நொடிக்கு 600 அங்குலம் ஓடினால் நொடிக்கு ஆறு முறைக்கு மேல் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல் சக்கரத்தில் ஒரு தடவை, கீழ்ச் சக்கரத்தில் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. மணிக்குச் சுமார் 46,000 வளைவு. பேண்ட்சா என்ற யோசனைக்கு லண்டனில் வில்லியம் நியூபெரி 1809-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இந்த வளைவைத் தாங்கும் பட்டையும் இல்லை. இரண்டு முனைகளைச் சேர்க்கும் இணைப்பும் நிற்கவில்லை. நியூபெரியின் இயந்திரம் காகிதத்தோடு நின்றுபோனது. பிரான்ஸைச் சேர்ந்த ஆன் பாலின் கிரெபின் என்ற பெண்மணி 1846-ல் பற்றவைக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பாரிஸின் பெரின் நிறுவனம் அந்த உரிமையை அவரிடம் வாங்கிக்கொண்டது. நல்ல எஃகும் நல்ல பதமும் அதோடு சேர்ந்த பிறகே பேண்ட்சா பட்டறைக்கு வந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஓர் இயந்திரம் முழுவதும் அரை அங்குல நீள இணைப்புக்காகக் காத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. அந்த இணைப்பின் தரத்தை இன்றும் காதால் அறியலாம். பற்றவைத்த இடத்து மேட்டைச் சரியாகத் தேய்க்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நல்ல இணைப்பு எங்கே இருக்கிறது என்று கையால் தடவித் தேடினாலும் சட்டென்று அகப்படாது.

பிளேடின் கனத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் வேண்டாம் என்பார்கள். அதற்கு மேல் போனால் வளைவின் வலி தாங்காமல் விரிசல் விழும். மரவாடிகளின் பெரிய பேண்ட்சாக்களில் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்துவதைப் பார்க்கலாம். 36 அங்குலச் சக்கரத்துக்கு 20 கேஜ், அதாவது 0.035 அங்குலம். 42 அங்குலத்துக்கு 19 கேஜ், 0.042. 48 அங்குலத்துக்கு 18 கேஜ், 0.049. சிறிய பட்டறை இயந்திரங்களில் இதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. 14 அங்குலச் சக்கரத்தில் 0.025 அங்குலப் பிளேடுதான் பரவலாக ஓடுகிறது. அது ஓடும், நன்றாகவும் வெட்டும். ஆனால் பல் மழுங்குவதற்கு முன்பே உடல் களைத்துவிடும்.

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் மறுபடி பள்ளத்துக்கே வர வேண்டும். வளையும் பட்டையில் வலி போய்த் தேங்கும் இடம் பள்ளத்தின் அடி. அங்கே கோடு உருண்டையாக இருந்தால் வலி பரவிவிடும். ஒரு மூலை இருந்தால் அந்த மூலையிலேயே குவிந்து, மயிரிழைக் கீறலாகத் தொடங்கி, ஒரு நாள் படாரென்று பிளேடு அறுந்துபோகும். மரவாடியில் பிளேடுக்குச் சாணை பிடிப்பவர் பல்லின் முகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சக்கரத்தைப் பள்ளத்தின் அடிவரை இறக்கி, அதே வளைவில் அடுத்த முதுகுவரை ஏற்றுவது இதற்காகத்தான். நுனியை மட்டும் தீட்டித் தருகிறவர் பிளேடின் ஆயுளைப் பாதியாக்கித் தருகிறார்.

அந்தப் பெரிய பிளேடுகளில் இன்னொரு மறைவான வேலைப்பாடும் உண்டு. நான்கு, ஐந்து அங்குல அகலமான பட்டை மட்டமாகத்தான் தோன்றும். உண்மையில் அதன் நடுப்பகுதியை உருளைகளுக்கு இடையே அழுத்தி, விளிம்புகளைவிட ஒரு துளி நீளமாக்கியிருப்பார்கள். சக்கரத்தில் ஏற்றி இறுக்கும்போது நடுப்பகுதி சற்றுத் தளர்ந்து நிற்க, பல் உள்ள விளிம்பு கம்பியாக விறைத்து நிற்கும். அறுக்க அறுக்கப் பல் விளிம்பு சூடேறி நீளும். முன்கூட்டியே கொடுத்த அந்த விறைப்பு அதை ஈடுகட்டிவிடும். இந்த விறைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிளேடை லேசாக வளைத்து, குறுக்கே ஒரு நேர்கோட்டுச் சட்டத்தை வைத்து, அடியில் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பார்க்கிறார்கள். நடுவில் கீற்று தடித்து, இருபுறமும் சீராக மெலிந்து மறைந்தால் நல்லது. எங்காவது இருண்டால் அங்கே இன்னும் உருட்ட வேண்டும். வெளிச்சத்தின் கனத்தைப் படிக்கத் தெரிந்த கண்தான் அங்கே முதல் அளவுகோல். பெரிய பிளேடுகள் பலவற்றில் பல்லை இடமும் வலமுமாக ஒதுக்குவதும் இல்லை. நுனியையே நசுக்கி இருபுறமும் அகலப்படுத்தி வைக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பல்லும் தடத்தின் முழு அகலத்தையும் தானே சீவுகிறது.

பல்லின் சாய்வு ஊரின் குளிரைப் பொறுத்தும் மாறும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். 1982-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனத்தின் அறுவைப் பிளேடுகளில் 10/30, 9/29, 4/32 என்று எண்கள் வரும். முதல் எண் பல் முகத்தின் சாய்வு. இரண்டாவது முதுகின் சாய்வு. நடுத்தரக் கெட்டி மரத்துக்கு 10 டிகிரி. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து, கட்டையே பாறையாகிப் போகும் வட தேசங்களில் 4 டிகிரி. பத்து டிகிரிப் பல் உறைந்த மரத்தில் பாய்ந்து கடிக்கப் பார்த்து அலைபாயும். நான்கு டிகிரிப் பல் நிமிர்ந்து நின்று, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செல்லும். மெல்லிய தூள் உறைந்த தடத்தில் ஒட்டிக் கெட்டியாகாமல் இருக்க, பிளேடின் செட்டையும் உறைந்த மரத்துக்குக் குறைத்து வைப்பார்கள். ஆறு டிகிரி வித்தியாசத்துக்குள் ஒரு பனிக்காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இரும்பு வெட்டும் பேண்ட்சாவில் வேகமே வேறு. மரத்துக்கு நிமிடத்துக்கு 3,000 அடி என்றால் சாதாரண இரும்புக்கு 200, 250 அடி. அங்கே எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 3 மி.மீ. சுவருள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 6 பல் பிளேடில் பல்லுக்குப் பல் 4.2 மி.மீ. குழாயின் சுவர் முழுவதும் ஒரு பள்ளத்துக்குள் விழுந்துவிடும். அடுத்த பல் வந்து அதன் மேல் மோதிப் பொடிந்துபோகும். 24 பல்லில் இடைவெளி ஒரு மி.மீ. சொச்சம். ஏறக்குறைய மூன்று பல் சுவரின் மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். இவ்வளவு பொடிப் பல்லை ஒவ்வொன்றாக இடம் வலம் ஒதுக்குவதற்குப் பதில், சில பற்களைச் சேர்த்து இந்தப் பக்கமும் அடுத்த சிலவற்றை அந்தப் பக்கமும் அலையலையாக வளைத்துவிடுகிறார்கள். நுனிப்பக்கமிருந்து பார்த்தால் ஒரு மெல்லிய அலை பிளேடு நெடுக ஓடுவது தெரியும். இன்னொரு வகையில் பல் இடைவெளியே சீராக இருக்காது. 10/14 என்று எழுதியிருந்தால் அங்குலத்துக்குப் பத்திலிருந்து பதினாலு வரை நெருங்கியும் விலகியும் போகும். ஒரே இடைவெளியில் பல் மோதினால் இரும்பு அதே சுருதியில் அதிர ஆரம்பித்து, கீச்சென்று கூவி, வெட்டு முகத்தில் வரி விழும். இடைவெளியைக் கலைத்துவிட்டால் அதிர்வு சேரவே சேராது. பட்டறைக்கு வெளியே நின்று கேட்டாலே இந்த இரண்டு பிளேடையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

டோக்கியோ மீன் சந்தையில் கல்லாக உறைந்த சூரை மீனையும் பேண்ட்சாவில்தான் துண்டாக்குகிறார்கள். கறி, எலும்பு, உறைந்த மீனுக்கான பிளேடு 16 மி.மீ. அகலத்தில், அரை மி.மீ. கனத்தில், அங்குலத்துக்கு மூன்று நான்கு பல்லோடு வரும். பள்ளம் மரப் பிளேடு போலப் பெரிது. எலும்புத் தூளும் உறைந்த சதையும் ஈரப் பசையாக ஒட்டக்கூடியவை என்பதால் அந்த இடம் தேவைப்படுகிறது.

தூளே விழாத வேலை ஒன்று இருந்தால் பள்ளம் என்ன ஆகும்? திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் அதற்குப் பதில் இருக்கிறது. அடுக்கிய துணியில் கழுத்து, கை போன்ற சின்னப் பாகங்களைத் துல்லியமாக எடுக்கக் கட்டிங் மாஸ்டர்கள் பயன்படுத்தும் பேண்ட் நைஃப் இதே இயந்திரத்தின் உறவுதான். சக்கரங்கள், முடிவில்லாத பட்டை, நடுவில் மேஜை என எல்லாம் அப்படியே இருக்கும். பட்டையில் மட்டும் ஒரு பல்கூட இல்லை. துணி நூலாகப் பிரிந்து வழிவிடுகிறது. சுமந்து வெளியேற்ற எதுவும் இல்லை. ஆகவே பள்ளமும் இல்லை, செட்டும் இல்லை. பத்து மி.மீ. அகலத்தில், 0.45 மி.மீ. கனத்தில், ஒரு விளிம்பு முழுக்கக் கத்தியாகத் தீட்டிய பட்டை அது. அந்தக் கூரைத் தக்கவைக்கச் சாணைக்கற்களையும் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள். வெட்டு நடக்க நடக்கவே பட்டைக்குத் தீட்டலும் கிடைக்கிறது. தீட்டத் தீட்ட அகலம் குறைந்து, பிடிமானத்துக்குப் போதாமல் போகும்போது புதுப் பட்டை ஏறுகிறது.